டிரெசரைக் கேளுங்கள்: மூன்று பேர் வராத ஞாயிறுக்கு ஒரு வியூகம்

தோட்ட மருத்துவமனையில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்துகொண்டே மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத் தோட்டக் குழுக்களுக்குக் காற்பந்துப் பயிற்சி கொடுத்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: டிரெசர் ஐயா, வணக்கம். நான் ஒரு தோட்டத்துக் குழுவுக்கு மேனேஜர். பல வருடமாக 4-4-2 ஆடுகிறோம், பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர். உண்மையைச் சொன்னால், பின்னாலிருந்து தூக்கி அடிப்பதும் முன்னால் நிற்கும் உயரமான பையன் தலையால் தட்டுவதும்தான் எங்கள் ஆட்டம். அவன் செம்பனைக் குலை வெட்டுகிறவன். இந்த வருடம் பல்கலைக்கழகம் முடித்து வந்த 25 வயதுத் தம்பி ஒருவரைப் பயிற்றுநராகப் போட்டோம். அவர் 3-4-3 என்கிறார், எதிராளியின் பெனால்டி பாக்ஸ் வரை போய் நெருக்க வேண்டும் என்கிறார். இரண்டு நட்பு ஆட்டம் ஆடினோம், இரண்டிலும் சரமாரியாக கோல் வாங்கினோம். பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் தோட்டங்களுக்கிடையே கிண்ணப் போட்டி. மூன்று மாதம் இருக்கிறது. புதிய வியூகத்தைத் தொடர்வதா, பழையதற்கே போய்விடுவதா? – குழு மேனேஜர், பெஸ்தாரி ஜெயா

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 3-4-3 இருக்கிறது, 4-4-2 இருக்கிறது. பயிற்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று, அந்த உயரமான பையனைத் தவிர, ஒரு வரி இல்லை. தோட்டத்துக் குழுவுக்கு எண் கடைசியில்தான் வரும். முதலில் ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். பக்கத்தில் மில்லில் ஷிஃப்ட் யாருக்கு, ரவாங் தொழிற்சாலையில் ஓவர்டைம் யாருக்கு, மனைவி பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போகிறவர் யார் என்று எழுதுங்கள். எந்த ஞாயிறும் மூன்று பேர் வரமாட்டார்கள். அது யார் யார் என்று சனிக்கிழமை இரவு வாட்ஸ்ஆப்பில்தான் தெரியும். அந்த மூன்று பேர் இல்லாமலும் நிற்கிற வியூகம்தான் உங்களுக்கு வேண்டும். நன்றாக ஆடுகிறவனைச் சுற்றி வியூகம் கட்டாதீர்கள், தவறாமல் வருகிறவனைச் சுற்றிக் கட்டுங்கள்.

இந்தக் கணக்கில் 3-4-3 தோற்றுவிடும். அதில் ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரே ஆள். தாக்கும்போது அவர் விங், பந்து பறிபோனதும் அவரே பேக், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர். நூறு மீட்டர் திடலை மேலும் கீழும் ஓடுகிற அந்த வேலைக்கு உங்கள் குழுவில் இரண்டு பேர் இருந்தால் பெரிய விஷயம். அதில் ஒருவருக்கு இரவு ஷிஃப்ட் விழுந்தால் வியூகமே வீட்டில் தூங்குகிறது என்று அர்த்தம்.

பாக்ஸ் வரை போய் நெருக்குவது தொலைக்காட்சியில் அழகாகத்தான் இருக்கும். முன்னால் மூன்று பேர் ஏறினால் மத்தியத் திடலில் இருப்பவர்களும் ஏற வேண்டும், பின்னால் இருப்பவர்கள் நடுக்கோட்டுப் பக்கம் வந்து நிற்க வேண்டும். யாராவது ஒருவர் கொஞ்சம் தாமதித்தால் பந்து அந்த இடைவெளியில் வெளியே வந்துவிடும், அப்புறம் உங்கள் கோல்கீப்பருக்கு முன்னால் நாற்பது மீட்டர் காலித் திடல். உங்கள் செண்டர் பேக் இருவருக்கும் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். தோட்டத்துக் குழுவில் செண்டர் பேக் எப்போதும் அப்படித்தான். மாலை ஐந்து மணி வெக்கையில் அவர்களைத் திரும்பி ஓடவிட்டால் கோல் சரமாரியாகத்தான் விழும்.

இன்னொன்று. நான் டிரெசர், அதனால் ஆட்டக்காரனின் காலைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்ப்பேன். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட வட்டாரம் நம்முடையது, குலை வெட்டுகிறவன் இல்லாத குழு இங்கே குறைவு. அவன் காலையிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி நீளக் கம்பில் மாட்டிய அரிவாளை இழுக்கிறான். இருபது கிலோ குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவருகிறான். மாலையில் திடலுக்கு வந்ததும் அவனை நேராக நிற்கவைத்துத் தலையை மட்டும் இடது பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தோளும் சேர்ந்து திரும்பும். கழுத்தின் பின்பக்கத்தை விரலால் அழுத்தினால் கட்டையாக இருக்கும், முகத்தைச் சுளிப்பான். உங்கள் உயரமான பையனின் தலைக்குத்தான் ஆட்டம் முழுக்கத் தூக்கி அடிக்கிறீர்கள். அதைக் குறைத்தே ஆக வேண்டும். இப்படிப்பட்டவனை மத்தியத் திடல் நடுவிலும் போடாதீர்கள். அங்கே தோளுக்கு மேலே பின்னால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவனால் முடியாது. திடல் முழுதும் கண்ணுக்கு முன்னால் இருக்கிற இடத்தில் போடுங்கள். பேக் ஆடட்டும், இல்லையென்றால் ஓரத்தில் ஆடட்டும். முன்னாலேயே வைத்திருந்தால் பந்து அவன் காலுக்கு வரட்டும்.

சரி, அந்தப் பயிற்றுநர் தம்பி. அவரை விரட்டிவிடாதீர்கள். இத்தாலியின் ஏ.சி. மிலான் குழுவுக்கு 1989-இலும் 1990-இலும் அடுத்தடுத்து ஐரோப்பியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த அரிகோ சாக்கி, 26 வயதில் பராக்கா லூகோ என்கிற சின்ன ஊர்க் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவர். கோல்கீப்பருக்கு 39 வயது, செண்டர் ஃபார்வர்டுக்கு 32. இவரோ தொழில்முறையில் பந்து உதைத்ததே இல்லை, காலணி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. வாயால் சொன்னதை அந்தப் பெரியவர்கள் கேட்டிருப்பார்களா? பிற்பாடு மிலானில் குல்லிட், வான் பாஸ்டன் போன்ற பெரிய நட்சத்திரங்களுக்கே அவர் ஆடவைத்துக் காட்டித்தான் புரியவைத்தார். ஒரு பக்கம் கோல்கீப்பரும் நான்கு பேக்குகளும், எதிர்ப்பக்கம் இவர்கள் இருவரையும் சேர்த்துப் பத்து பேர். பந்து பறிபோனால் பத்து பேரும் தங்கள் பாதிக்குப் போய் மறுபடி தொடங்க வேண்டும். கால் மணி நேரம் ஆடியும் பத்து பேரால் ஒரு கோல் போட முடியாது என்று சாக்கி சொல்வது வழக்கம்.

அதே ஆட்டத்தை உங்கள் திடலில் நடத்துங்கள். முணுமுணுக்கிற பழைய ஆட்களில் நால்வரைப் பின்னால் நிறுத்தி, துள்ளுகிற இளசுகள் எட்டுப் பேரை எதிரே விடுங்கள். நால்வருக்கும் ஒரே பாடம்: பந்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நால்வரும் சேர்ந்து நகர வேண்டும், தனியாக யாரும் பந்தைத் துரத்தக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் கோல் விழும், பிறகு குறையும். பெரியவர்கள் ஜெயிக்க ஆரம்பித்ததும் முணுமுணுப்பு நின்று, "டேய், மூடு, மூடு" என்று சத்தம் கேட்கும். அப்புறம் வியூகத்தை விளக்க வேண்டிய வேலையே இல்லை.

பழைய ஆட்டக்காரர்கள் என்றால் மாற்றத்துக்குத் தடை என்று நினைத்துவிடாதீர்கள். 1925-இல் ஆஃப்சைட் விதி மாறியது. அதுவரை தாக்குகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிராளிகள் மூன்று பேர் இருக்க வேண்டும், புதிய விதியில் இரண்டு பேர் போதும். கோல் மழையாகக் கொட்டியது. அந்த அக்டோபரில் இங்கிலாந்தின் ஆர்சனல் குழு நியூகாசலிடம் 0-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. செண்டர் ஹாஃபை, அதாவது மத்தியத் திடல் நடுவில் ஆடுகிறவரை, பின்னால் இழுத்து மூன்றாவது பேக்காக நிறுத்த வேண்டும் என்று மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனிடம் வற்புறுத்தியவர் சார்லி பக்கன், 34 வயது ஆட்டக்காரர். அப்படியானால் மத்தியத் திடலில் ஓட்டை விழுமே? முன்வரிசையில் ஒருவரை இறக்கி அதை அடைத்தார்கள். முதலில் அந்த இடத்துக்கு வந்தவர் ஆண்டி நீல். மூன்றாம் அணியில் கிடந்தவர், ஓட்டம் ஆமை வேகம், ஆனால் இரண்டு காலிலும் பந்து சொன்ன பேச்சைக் கேட்கும். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாமை 4-0 என்று வென்றார்கள். உங்கள் குழுவிலும் ஓர் ஆண்டி நீல் இருப்பார். வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருக்கும், பயிற்சிக்கு முதல் ஆளாக வருவார், பாஸ் கொடுத்தால் காலில் போய் உட்காரும். அவரை பெஞ்சில் வைத்திருப்பீர்கள், பந்தயமே கட்டலாம்.

இனி எப்படி நிற்பது என்று பார்ப்போம். பழைய 4-4-2-இன் எலும்புக்கூட்டை வைத்துக்கொள்ளுங்கள், அது பையன்களின் உடம்பில் ஊறியிருக்கிறது. முன்னால் இருக்கும் இருவரில் ஒருவரை மட்டும் பத்து எட்டு, அதாவது பத்துக் காலடி, பின்னால் இறக்குங்கள். அங்கே உங்கள் ஆண்டி நீல். பந்து பறிபோன உடனே பக்கத்தில் இருக்கிறவர் ஒருவர் மட்டும் பந்தை மறிக்க, மற்றவர்கள் எல்லாரும் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். நால்வர் ஒரு வரிசை, அதற்கு முன்னால் நால்வர் இன்னொரு வரிசை, இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு எட்டு. அந்தப் பத்து எட்டுதான் உங்கள் புதிய வியூகம். எதிராளி அதற்குள் நின்று பந்தை வாங்கித் திரும்பினால் நீங்கள் காலி. வாங்க முடியாவிட்டால் ஓரமாகத்தான் போவான், போகட்டும்.

நெருக்குவதை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. பயிற்றுநர் தம்பி ஆசைப்பட்டதையும் கொஞ்சம் வைத்துக்கொள்வோம். மூன்று நேரத்தில் மட்டும் ஏறுங்கள்: எதிராளி பந்தைச் சரியாக நிறுத்தாமல் துள்ளவிட்டால், பின்னால் திருப்பிக் கொடுத்தால், அவர்களுடைய ஓர பேக் தன் கோலைப் பார்த்தபடி கோட்டோரம் பந்தை வாங்கினால். கோடும் உங்களுக்கு ஓர் ஆட்டக்காரர்தான். மற்ற நேரத்தில் காத்திருங்கள். செண்டர் பேக் "ஏறு" என்றால் எல்லாரும் ஏற வேண்டும், "இறங்கு" என்றால் எல்லாரும் இறங்க வேண்டும். மலாய்ப் பையன்களும் ஆடினால் "நாயிக்", "தூருன்" என்று கத்தட்டும், எதுவாக இருந்தாலும் ஒரே குரல்.

பயிற்சிக்கு ஒரு கயிறு போதும். லாரியில் கட்டுகிற நைலான் கயிறு. ஏழெட்டு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நான்கு பேக்குகளும் ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பந்தோடு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போங்கள். கயிறு தொய்ந்தால் இருவர் ஒட்டிவிட்டார்கள். வெடுக்கென்று இழுபட்டால் யாரோ தூங்கிவிட்டார். முதல் நாள் சிரிப்பாகத்தான் இருக்கும். திடலோரம் நிற்கிற பாட்டிமார்கள் மாடு கட்டுகிறீர்களா என்று கேட்பார்கள். நான்கைந்து பயிற்சிக்குப் பிறகு கயிற்றை எடுத்துவிடுங்கள், கால் தானாக அந்தத் தூரத்தில் நிற்கும். மத்தியத் திடல் வரிசைக்கும் அதே கயிறு. அது முடிந்ததும் பதினொரு பேரையும் நிறுத்தி, காலால் உதைக்காமல் கையால் எறிந்து நடந்தே ஒரு ஆட்டம் ஆடவிடுங்கள். மூச்சு வாங்காதபோதுதான் மனுஷன் எங்கே நிற்கிறோம் என்று யோசிப்பான்.

முதல் மாதம் இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். தாக்குதலைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள், பையன்களுக்கு அது தானாக வரும். இரண்டாம் மாதம் பந்து கிடைத்ததும் முதல் பாஸ் ஆண்டி நீலுக்கு என்பதையும், ஓர பேக்கில் ஒருவர் ஏறினால் மற்றவர் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் நட்பு ஆட்டங்கள். அப்போது கோலை எண்ணாதீர்கள். பெஞ்சில் இருக்கிற ஒருவரிடம் பென்சிலும் காகிதமும் கொடுத்து, எதிராளி அந்தப் பத்து எட்டுக்குள் பந்தை வாங்கித் திரும்புகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கோடு குறைந்தால் சரியான வழியில் போகிறீர்கள், தோற்றாலும் கவலையில்லை.

நடுவில் ஒரு ஆட்டத்தில் அடி வாங்குவீர்கள். உடனே கமிட்டியில் யாராவது எழுந்து "பழையபடியே ஆடலாம்" என்பார். அவருக்கு 2010-ஐ நினைவுபடுத்துங்கள். கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்த நம் தேசியக் குழு, ஆசியான் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. அதே டிசம்பர் மாதம், இரண்டு ஆட்டமாக நடந்த இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அதே இந்தோனேசியாவை நம் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று சாய்த்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2, கிண்ணம் நமக்கு. முதல் தோல்விக்குப் பிறகு அந்தப் பையன்களை அவர் கலைத்துப் போடவில்லை.

கேள்வி: எங்கள் கோல்கீப்பர் கோல் கிக் எடுக்கும்போது பாக்ஸுக்குள்ளேயே நிற்கும் பேக்குக்குத் தட்டிவிடுகிறார். நடுவர் ஒன்றும் சொல்வதில்லை. இது செல்லுமா? – வாசகர், ஈஜோக்

பதில்: செல்லும். 2019-இல் விதி மாறிவிட்டது. முன்பு பந்து பாக்ஸை விட்டு வெளியே போனால்தான் ஆட்டம் தொடங்கும். இப்போது உதைபட்டுத் தெளிவாக நகர்ந்தாலே போதும், எதிராளிதான் அதுவரை பாக்ஸுக்கு வெளியே நிற்க வேண்டும். ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டுமா? நம்முடைய திடல்களில் கோல் முகப்பில்தான் புல்லே இருக்காது. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் மாட்டுக் குளம்புத் தடம். பந்து எங்கே துள்ளும் என்று அந்த மாட்டுக்கே தெரியாது. ஓரத்தில் புல் நன்றாக இருக்கிற பக்கத்தில் பேக்கை நிறுத்தி அங்கே கொடுக்கச் சொல்லுங்கள். பேக் திருப்பிக் காலால் கொடுத்தால் கையில் எடுக்கக் கூடாது என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். அந்த விதி 1992-இலிருந்து இருக்கிறது, நம் கீப்பர்கள் சிலருக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

கேள்வி: நான் நல்ல விங்கர். புதிய வியூகத்தில் விங்கே கிடையாது என்று சொல்லி என்னை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். குழு மாறிவிடலாமா? – வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: உங்களைவிடப் பெரிய விங்கர்களுக்கே இது நடந்திருக்கிறது. 1966 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தின் ஆல்ஃப் ராம்சி முதல் மூன்று ஆட்டத்திலும் ஆட்டத்துக்கு ஒருவராக கானலி, பெய்ன், கல்லகன் என்று மூன்று விங்கர்களை இறக்கிப் பார்த்தார். கால் இறுதியிலிருந்து மூவருமே வெளியே. விங் இல்லாமலே ஆடி மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்று கிண்ணம் வாங்கினார். பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பதக்கம் 2009-இல்தான் கிடைத்தது. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். பயிற்றுநரிடம் போய் "நான் எங்கே ஆடினால் உங்களுக்கு உதவும்?" என்று கேளுங்கள். விங்கர் ஓர பேக்காக மாறுவது இன்று உலகம் முழுக்க நடக்கிறது. பின்னால் ஓடி வரப் பழகினால் இடம் உண்டு. பின்னால் ஓடி வர முடியாது என்றால், தம்பி, எந்தக் குழுவுக்குப் போனாலும் பெஞ்ச் அங்கேயும் இருக்கும்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் நான்காம் படிவம் படிக்கிறேன். தோட்டத்தில் பெண்கள் குழு தொடங்கியிருக்கிறோம், எழுவர் ஆட்டம். எங்களுக்கு என்ன வியூகம்? பேக்குகள் சேர்ந்து முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் மாட்டவைக்கும் ஆஃப்சைட் பொறி வைக்கலாமா? ஆண்கள் ஆடாத செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பள்ளித் திடல் எங்களுக்குக் கிடைக்கிறது. – மாணவி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: மகளே, முதலில் போட்டி விதித்தாளைப் பாரம்மா. எழுவர் ஆட்டத்தில் பல இடத்தில் ஆஃப்சைடே கிடையாது. இல்லாத விதிக்குப் பொறி வைத்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். கோல்கீப்பரைத் தவிர ஆறு பேர். பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஒன்று என்று நில்லுங்கள். நடுவில் இருக்கிற மூவரில் நடுப்பிள்ளை முன்னால் ஓடிப் போகக் கூடாது, அவள் நின்றால் பின்னால் இருக்கிற இரண்டு பேருக்கும் நிம்மதி. ஓரத்தில் இருக்கிற இருவரும் ஏறி இறங்கட்டும், களைத்துப் போனால் உடனே ஆள் மாற்றுங்கள். மாற்று ஆட்டக்காரர் திரும்பவும் உள்ளே வரலாமா என்று விதித்தாளில் சேர்த்துப் பாருங்கள். வரலாம் என்றால் ஓரத்துக்கு மட்டும் நான்கு பேரைத் தயார் செய்யுங்கள்.

வியூகத்தைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. போட்டி நெருங்கினால் ஆண்கள் செவ்வாய்க்கிழமையும் வந்து திடலில் நிற்பார்கள். அதற்குள் தலைமையாசிரியரைப் பார்த்து அந்த நாளை உங்கள் குழுவின் பெயரில் எழுத்தில் வாங்கி, ஒரு நகலை ஆண்கள் குழு மேனேஜரிடமும் கொடுத்துவிடுங்கள்.